வயிறு நிறையுற ஸ்டீக் சாலட்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல குளிருக்கு சூப் பத்தி எழுதுறப்ப, எங்க வீட்ல சில ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறே வைக்க மாட்டேன், ஸ்டீக் சாலட் தான்னு ஒரு வரி போட்டிருந்தேன். மாட்டுக்கறிய இரும்புக்கல்லுல முறுகலா வாட்டி, மெல்லிசா அரிஞ்சு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டை, லெட்யூஸ் இலை எல்லாத்தோடயும் கலந்து சாப்பிடுறது, அவ்ளோதான். அந்த ஒரு வரிக்கு மலை மேலேர்ந்தே இத்தன கேள்வி வரும்னு நினைக்கல, அதனால இந்தத் தடவ பூரா அதுதான்.

கோத்தகிரி வாசகி: அக்கா, வீடியோ பாத்து ஸ்டீக் சாலட் செஞ்சேன். கடைல போன்லெஸ்னு கேட்டு அரைக்கிலோ வாங்கினேன். கல்லுல போட்டதும் தண்ணியா விட்டுது, அந்தத் தண்ணிலயே வெந்து சாம்பல் கலராயிடுச்சு. மெல்லவே முடியல, மாமனார் பாதி தட்டோட எந்திரிச்சுட்டாரு. எங்கக்கா தப்பு பண்ணேன்?

சங்கடப்படாதீங்க தங்கச்சி, இதுல பாதி தப்பு உங்க கைல இல்ல, கறில இருக்கு. வீடியோல காட்டுறது வெளிநாட்டு மாடு, கறிக்குன்னே தீனி போட்டு வளத்து சின்ன வயசுலயே வெட்டிடுவாங்க, சதைக்குள்ள கொழுப்பு கோடு கோடா ஓடும், அத எப்படி வாட்டினாலும் மெத்துன்னு வரும். நம்ம கடைக்கு வர்றது உழுது, வண்டி இழுத்து, கறந்து ஓஞ்ச உருப்படி. தமிழ்நாட்டு 1958ஆம் வருஷ பிராணிகள் பாதுகாப்பு சட்டமே 10 வயசு தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாதுன்னு சான்று வாங்கினதயோ, அடிபட்டு ஒண்ணுக்கும் முடியாம போனதயோ தான் வெட்டலாம்னு சொல்லுது. அப்ப நம்ம கைக்கு வர்ற கறி வயசான கறி, வயசாக ஆக சதைய கட்டி வச்சிருக்கிற நார் இறுகிக்கிட்டே போகும், கொழுப்பும் கம்மி. இத மனசுல வச்சுக்கிட்டு செஞ்சா அதே கறி அருமையா வரும், நான் வருஷக்கணக்கா செய்யுறேன்.

போன்லெஸ்னு கேட்டா தொடையோ தோளோ எது இருக்கோ அத அரிஞ்சு குடுத்துடுவாங்க, அதெல்லாம் நாள் பூரா நடந்த சதை, குக்கர்ல விசில் விட்டு குழம்பு வைக்கத்தான் லாயக்கு. நீங்க கேக்க வேண்டியது அண்டர்கட்டு. முதுகெலும்புக்கு உள்பக்கமா இடுப்போரம் நீளமா ஒட்டிக்கிட்டிருக்கும், அந்த சதைக்கு மாடு உயிரோட இருக்கும்போது பெருசா வேலையே கிடையாது, அதனால கிழட்டு மாட்டுல கூட அது மட்டும் இளசா இருக்கும். ஒரு மாட்டுக்கு ரெண்டு துண்டு தான், அதனால வாங்குறதுக்கு முந்தின நாளே கறிக்கடை பாய்கிட்ட சொல்லி வச்சுடுங்க, சொல்லாம போய் நின்னா கிடைக்காது. நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் கவர் குடுக்க மாட்டாங்கல்ல, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவே எடுத்துட்டு போங்க, கறிக்கும் அதான் நல்லது. மேல வெள்ளையா மினுமினுன்னு ஒரு ஜவ்வு இருக்கும், அத உரிச்சுத் தரச் சொல்லுங்க, அது எவ்ளோ வாட்டினாலும் கரையாது, சுருங்கி கறியயே வளைச்சுடும்.

அடுத்தது தான் முக்கியம், யாரும் சொல்லாதது. காலைல வெட்டின கறிய மத்தியானமே வாட்டாதீங்க. வெட்டின சில மணி நேரத்துல சதை வெறைச்சுக்கும், அது தளர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். குழம்புக்கு அது தெரியாது, அஞ்சு நிமிஷம் வாட்டுற கறிக்கு நல்லாவே தெரியும். அதனால வெள்ளிக்கிழமை வாங்குங்க, கழுவி தண்ணி ஒட்டாம துடைச்சு, அரைக்கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு எல்லா பக்கமும் தடவி, ஒரு தட்டுல வச்சு ஃப்ரிட்ஜோட அடித்தட்டுல மூடாம வச்சுடுங்க, பக்கத்துல பச்சையா சாப்பிடுற எதுவும் இருக்கக் கூடாது. உப்பு முதல்ல தண்ணிய வெளிய இழுக்கும், அப்புறம் அந்தத் தண்ணியே உப்போட சேந்து உள்ள போயிடும், மேல் பக்கம் காஞ்சு வரும். உங்களுக்கு கல்லுல தண்ணி விட்டதுக்கு காரணமே ஈரம் தான். மேல ஈரம் இருக்கிற வரைக்கும் சூடெல்லாம் அந்தத் தண்ணிய ஆவியாக்கவே செலவாகும், கறி முறுகலாகணும்னா மேல்பக்கம் 140 டிகிரிக்கு மேல போகணும், தண்ணி இருக்கிற வரைக்கும் 100 கூட தாண்டாது.

ஞாயித்துக்கிழமை கறிய எடுத்து மறுபடி ஒரு தடவ துணியால ஒத்தி எடுங்க. ஒரு இன்ச் கனத்துக்கு குறுக்க வெட்டிக்குங்க, அதுக்கு மேல மெல்லிசா வெட்டினா வெளிய முறுகுறதுக்குள்ள உள்ள காஞ்சுடும். நான்ஸ்டிக் வேண்டாம், அவ்ளோ சூடு அதுக்கு ஆகாது, தோசை சுடுற கனமான இரும்புக்கல்லு போதும். பனிக்காலத்துல நம்ம பக்கம் சிலிண்டர்ல கேஸ் மந்தமா வரும்ல, அதனால கல்ல ஏழெட்டு நிமிஷமாவது காய விடுங்க, ஒரு சொட்டு தண்ணி தெளிச்சா உருண்டு ஓடணும். ஜன்னல தொறந்து வச்சுடுங்க, குளிரடிச்சாலும் பரவால்ல, புகை வரும். எண்ணெய கல்லுல ஊத்தாம கறி மேல தடவுங்க, கடலெண்ணெய் நல்லா இருக்கும். ஒரு தடவைக்கு ரெண்டு துண்டுக்கு மேல போடாதீங்க, நாலையும் சேத்து போட்டா கல்லு சூடு இறங்கி மறுபடி தண்ணி விடும், உங்களுக்கு நடந்தது இதுவும்தான்னு நினைக்கிறேன். பக்கத்துக்கு மூணு நிமிஷம் போல, நடுவுல திருப்பி திருப்பி போட்டாலும் ஒண்ணும் ஆகாது. கடைசி ஒரு நிமிஷத்துல கொஞ்சம் வெண்ணெய், தட்டின பூண்டு ரெண்டு பல்லு, மிளகு. மொதல்லயே போட்டா கருகி கசந்துடும்.

எடுத்து பலகைல வச்சு எட்டு நிமிஷம் தொடாதீங்க. அப்புறம் அரியுறது. எனக்கு கல்யாணமான புதுசுல நான் அரிஞ்ச கறிய யாராலயும் மெல்ல முடியல, நல்ல அண்டர்கட்டு கூட இல்ல அது, வேற சதை தான், ஆனா எங்க அத்தை ஒண்ணும் பேசாம மிச்சத் துண்டு இருந்த பலகைய அப்படியே கால் வட்டம் திருப்பி வச்சு மெல்லிசா அரிஞ்சாங்க, அது வாய்ல போட்டா சுலபமா மென்னு முழுங்க வந்துச்சு, ஒரே கறி ஒரே கல்லு. நாரு எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாத்து அதுக்கு குறுக்க வெட்டணும், அப்ப நீள நாரெல்லாம் குட்டி குட்டியா அறுந்து போயிடும், பல்லுக்கு வேலையில்ல. உங்க மாமனார் வயசுல இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப அவசியம், அவருக்கு இன்னும் மெல்லிசா அரிஞ்சு குடுங்க.

அண்டர்கட்டு கிடைக்கவே இல்லன்னா தொடைக்கறிய அரை இன்ச்சுக்கு குறுக்க வெட்டி, பச்சை பப்பாளி அரைச்சது ஒரு டீஸ்பூன் தடவி அரை மணி நேரம் மட்டும் வைங்க. ராத்திரி பூரா வச்சா மேல்பக்கம் களி மாதிரி ஆயிடும். வாட்டுறதுக்கு முன்னாடி வழிச்சு துடைச்சுடணும்.

கூடலூர் வாசகர்: உள்ள சிவப்பா இருக்கும்போதே எடுத்துடணும், அதான் ஸ்டீக்னு பையன் அடம் புடிக்கிறான். வெட்டினா ரத்தமா வருது, எனக்கு மனசு ஒப்பல. சாப்பிடலாமா?

அண்ணா, அது ரத்தம் இல்ல, ரத்தமெல்லாம் வெட்டுற அன்னிக்கே வடிஞ்சுடும். சதைல மயோகுளோபின்னு ஒரு புரதம் இருக்கு, அதோட நிறம் தான் அது, கூட தண்ணி. ஆனா உங்க பயத்த நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். முழுத் துண்டுல கிருமி பெரும்பாலும் மேல்பக்கம் தான் இருக்கும், அது கல்லுல பட்டதும் செத்துடும், அதனால தான் வெளிநாட்ல சிவப்பா சாப்பிடுறாங்க. ஆனா மாட்டுக்கறில நாடாப்புழுவோட இளம்புழு இருக்கிற சின்னப் பை சதைக்கு உள்ளயே இருக்கலாம், நம்ம கறி எந்தக் கொட்டாயிலேர்ந்து வந்துச்சு, யாரு சோதிச்சாங்கன்னு எல்லா நேரமும் நமக்குத் தெரியாது. அதனால நம்ம வீட்ல நடுவுல இளம் ரோஸ் கலர் வர்ற வரைக்கும், அதாவது உள்சூடு 63 டிகிரி வந்து எடுத்து மூணு நிமிஷமாவது கீழ வச்சிருந்து சாப்பிடுறது தான் சரி. கலர வச்சு கணக்கு போடாதீங்க, கறிக்கு குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, பக்கவாட்டுல நடு வரைக்கும் குத்திப் பாக்கணும், பையன் சண்டையும் அதோட முடிஞ்சுடும். கர்ப்பமா இருக்கிறவங்க, சின்னக் குழந்தைங்க, உடம்பு முடியாதவங்க இருந்தா அவங்க துண்ட மட்டும் 71 வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் ஊறட்டும்னு முள்கரண்டியால கறிய குத்தி வைக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, மேல இருக்கிற கிருமிய நாமளே உள்ள தள்ளுற மாதிரி. கொத்துக்கறின்னா எப்பவுமே 71 தான், பேச்சே இல்ல.

ஊட்டி வாசகி: இங்க லெட்யூஸ் ஃப்ரெஷ்ஷா கிடைக்குது, ஆனா கலந்து பத்து நிமிஷத்துல சாலட் தண்ணியா ஆயிடுது. டிரெஸ்ஸிங்குக்கு தேங்காண்ணெய் ஊத்தினேன், தட்டு மேல வெள்ளை வெள்ளையா கட்டிக்கிச்சு. வேற என்ன ஊத்தலாம்?

தேங்காண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறையும், உங்க ஊர்ல அந்த சூடு சித்திரைல கூட கஷ்டம், அதனால அது ஆகாது. ஆலிவ் ஆயில் தான் வேணும்னு இல்ல, செக்குக் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் பாதிப் பாதி போட்டுப் பாருங்க, மாட்டுக்கறிக்கு நல்லெண்ணெய் வாசனை அவ்ளோ பொருத்தம், நான் இப்பல்லாம் அது மட்டும்தான். கணக்கு வந்து எண்ணெய் மூணு பங்கு, புளிப்பு ஒரு பங்கு. நாலு பேருக்கு ஆறு ஸ்பூன் எண்ணெய், ரெண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஊற வச்சு அரைச்ச கடுகு ஒரு டீஸ்பூன், தேன் ஒரு டீஸ்பூன், உப்பு, இடிச்ச மிளகு தாராளமா, மலைப்பூண்டு அரைப் பல்லு நசுக்கினது. மலைப்பூண்டுன்னா நான் சொல்றது கொடைக்கானல் பூண்டு, 2019ல புவிசார் குறியீடு வாங்கினது, காரம் ஜாஸ்தி, ஒரு பல்லு முழுசா போட்டா கறி வாசனையே அமுங்கிடும். எல்லாத்தையும் ஒரு மூடி பாட்டில்ல போட்டு குலுக்குங்க, கடுகு இருக்கிறதால எண்ணெயும் புளிப்பும் கொஞ்ச நேரத்துக்கு பிரியாம நிக்கும். கறி அரிஞ்ச பலகைல சாறு நிக்கும் பாருங்க, அதையும் வழிச்சு பாட்டில்ல ஊத்திடுங்க, அத கழுவி விடுறத பாத்தா எனக்கு வயிறு எரியும்.

தண்ணி விடுறதுக்கு ரெண்டு காரணம். இலைய கழுவி சரியா காய வைக்காதது, உப்பு சேந்த டிரெஸ்ஸிங்க சீக்கிரமா ஊத்துறது. லெட்யூஸ இலை இலையா பிரிச்சு ஓடுற தண்ணில கழுவுங்க, அடித்தண்டுகிட்ட மண்ணும் குட்டி நத்தையும் ஒளிஞ்சிருக்கும், கொத்தோட முக்கி எடுத்தா போகாது. அப்புறம் சுத்தமான பழைய வேட்டித் துணில மூட்டையா கட்டி வாசல்ல நின்னு நாலு சுத்து சுத்துங்க, தண்ணியெல்லாம் தெறிச்சு போயிடும், புள்ளைங்ககிட்ட குடுத்தா சந்தோஷமா செய்யும். டிரெஸ்ஸிங் எல்லாரும் உக்காந்ததுக்கு அப்புறம் தான்.

இலைய மட்டும் நம்பினா வயிறும் நிறையாது. நம்மூர் கேரட் துருவினது, வேக வச்ச பீட்ரூட், முள்ளங்கி, சிவப்பு முட்டைக்கோஸ் மெல்லிசா சீவினது, வெங்காயத்த வினிகர்லயும் உப்புலயும் இருபது நிமிஷம் ஊற வச்சது, இதெல்லாம் தான் பலம். முட்டைக்கோஸ் டிரெஸ்ஸிங்ல ஊற ஊற நல்லா இருக்கும், அத மட்டும் முன்னாடியே கலந்து வைக்கலாம். இந்த இங்கிலீஷ் காய்ங்கள நீலகிரிக்கு கொண்டு வந்தது கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் காலத்துல, 1820கள்ல, கோத்தகிரி கண்ணேரிமுக்குல அவரு பங்களா இன்னும் இருக்கு. அன்னிக்கு வெள்ளைக்காரங்க சாப்பாட்டுக்குன்னு போட்டது இன்னிக்கு நம்ம தோட்டத்துல நம்ம ஆளுங்க முதுகு ஒடிய விளைவிக்கிறது, அத லாரில ஏத்தி அனுப்பிட்டு நம்ம வீட்ல வெறும் சாம்பாருக்கு மட்டும் போடுறோமேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம்.

ஒண்ணு விட்டுட்டேன், தட்ட வெந்நீர்ல கழுவி துடைச்சு சூடா வச்சுக்குங்க. மாட்டுக்கொழுப்பு ஜில்லுன்னு இருக்கிற தட்டுல பட்டதும் மெழுகாட்டம் உறையும். மார்கழி உறைபனி நேரத்துல இதுக்கே பாதிப் பேரு கறி நல்லா இல்லன்னு சொல்லிடுவாங்க.

கொடைக்கானல் வாசகி: சாலட்டுக்கு உருளைக்கிழங்கு, முட்டை, ராஜ்மா எல்லாம் வேக வைக்கிறேன், புத்தகத்துல போட்டிருக்கிற நேரத்துல ஒண்ணுமே வேக மாட்டேங்குது. மதுரைல இருந்தப்ப இப்படி இல்ல. கிழங்குல குத்தமா?

கிழங்குல ஒரு குத்தமும் இல்லம்மா. நீங்க இருக்கிறது கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உசரம், அங்க காத்தழுத்தம் கம்மி, தண்ணி 100 டிகிரில இல்ல, 93 டிகிரி வாக்குலயே கொதிச்சுடும், அதுக்கு மேல எவ்ளோ தீய கூட்டினாலும் சூடு ஏறாது, கேஸ் தான் போகும். முட்டைக்கு மூணு நிமிஷம் கூட குடுங்க. கிழங்க தோலோட உப்புத் தண்ணில போட்டு கத்தி சுலபமா இறங்குற வரைக்கும் விடுங்க, நேரத்த பாக்காதீங்க, இல்லன்னா குக்கர்ல ஒரு விசில். வேகுற தண்ணில எலுமிச்சை புளி எதுவும் சேக்காதீங்க, புளிப்பு பட்டா கிழங்கு இன்னும் வேகாது. வெந்ததும் சூடு ஆறுறதுக்கு முன்னாடியே வெட்டி ரெண்டு ஸ்பூன் டிரெஸ்ஸிங் ஊத்திடுங்க, சூட்டுல தான் அது உள்ள இழுக்கும்.

ராஜ்மா விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பா சொல்றேன். அதுல லெக்டின்னு ஒரு நச்சு இருக்கு, அரைவேக்காட்டுல சாப்பிட்டா வாந்தியும் வயித்துப்போக்கும் வரும், அந்த நச்சு போகணும்னா 100 டிகிரில நல்லா கொதிக்கணும், உங்க ஊர்ல தொறந்த பாத்திரத்துல அந்த சூடு வரவே வராது. ராத்திரி ஊற வச்சு, அந்தத் தண்ணிய கீழ ஊத்திட்டு, குக்கர்ல தான் வேக வைக்கணும், குக்கருக்குள்ள 110 டிகிரிக்கு மேல போயிடும். விரல்ல அமுக்கினா மாவா நசுங்கணும். பச்சை பட்டர் பீன்ஸ் சீசன்ல கிடைச்சா ராஜ்மாவ விட அது ருசி, அதையும் நல்லா குழைய விடாம ஆனா முழுசா வேக வச்சுப் போடுங்க. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துலேர்ந்து பட்டர் ஃப்ரூட் வரும்ல, காப்பித் தோட்டத்துல ஊடால நிக்கிற மரம், தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து டிகேடி ஒண்ணுன்னு ஒரு ரகமே வெளியிட்டாங்க. அத பால்ல அடிச்சு குடிக்கிறது மட்டும் இல்ல, பாதிப் பழத்த துண்டு போட்டு இந்த சாலட்ல சேருங்க, நம்ம கறில இல்லாத கொழுப்பு அதுல கிடைக்கும், அண்டர்கட்டுக்கு அதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது.

குன்னூர் வாசகி: எங்க வீட்ல மாட்டுக்கறி சேக்க மாட்டோம், பாதிப் பேரு சைவம் வேற. இதே மாதிரி செய்ய வழி இருக்கா?

தாராளமா. ஆட்டுக்கறில தொடை எலும்பில்லாம, இளங்குட்டியா பாத்து வாங்கி இதே முறைல செய்யலாம், மிளகோட கொஞ்சம் சோம்பு இடிச்சு சேத்துக்குங்க. கோழின்னா நெஞ்சுக்கறி, 74 டிகிரி வரணும். சைவக்காரங்களுக்கு காளான் தான், பட்டன் காளான பாதி பாதியா வெட்டி எண்ணெயே இல்லாம காஞ்ச கல்லுல போட்டு தண்ணி சுண்டற வரைக்கும் விட்டு, அப்புறம் வெண்ணெயும் உப்பும் போட்டா கறி மாதிரியே முறுகி வரும். உப்ப மொதல்லயே போட்டுடாதீங்க, தண்ணி விட்டுக்கிட்டே இருக்கும். காளானுக்கு தனிக் கல்லு, தனிப் பலகை வச்சுக்குங்க, அவங்க மனசுக்கு மரியாதை. இரும்புச்சத்துக்காக கீரை பீன்ஸ் சாப்பிடுறவங்க சாப்பிட்ட உடனே டீ குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளிப் போடணும், டீ அந்த சத்த உடம்புல சேர விடாது. டீ ஊர்ல இருந்துக்கிட்டு இத சொல்றேன், ஆனா உண்மை.

வெலிங்டன் வாசகி: வீட்டுக்காரருக்கு மதிய டப்பாவுல இத குடுத்தனுப்பலாமா? குளிர் தானே, வெளிலயே இருந்தா கெடாதுல்ல?

குடுக்கலாம், ஆனா குளிர நம்பி இல்ல. ஃப்ரிட்ஜ்னா 5 டிகிரிக்கு கீழ, நம்ம ஊர் பகல் அவ்ளோ குளிர் கிடையாது, வெயில் அடிச்சா ஜன்னலோரம் நல்லாவே சுடும். வெந்த கறி வெளில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. அதனால முந்தின நாள் ராத்திரியே வாட்டி, துண்டா ஃப்ரிட்ஜ்ல ஆற வச்சு, காலைல ஜில்லுன்னு இருக்கும்போது அரிங்க, அப்ப இன்னும் மெல்லிசா வரும். அடில கிழங்கு, பீன்ஸ், மேல கேரட், கோஸ், அதுக்கு மேல கறி, லெட்யூஸ் தனி டப்பால, டிரெஸ்ஸிங் குட்டி பாட்டில்ல. ஆபீஸ்ல ஃப்ரிட்ஜ் இருந்தா அதுல வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஐஸ் பேக் வச்சு கட்டுங்க. சாப்பிடுறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி வெளிய எடுத்து வச்சுக்கிட்டா போதும், சுட வைக்க வேண்டாம், மறுபடி சுட வச்சா கோத்தகிரி தங்கச்சி வீட்டுக் கறி கதை தான்.